ஆறு வோல்ட்

நாலு மாதச் சம்பள பாக்கிக்கு
முதலாளி தள்ளிவிட்டது இந்த ஜீப்பை.
கிருஷ்ணகிரியில் கல் அறுக்கும் கம்பெனி,
கணக்கு எழுதுபவள் நான்.
வரவிலா, பற்றிலா,
எந்தப் பக்கம் எழுதுவதென்று
இன்னும் பிடிபடாத ஒரு பொருள்.
ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி.
ஆறு வோல்ட்.
முகப்பு விளக்கைப் போட்டால்
எரிகிறதா என்று
தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டும்.

முன்னால் வின்ச் மாட்டணும் என்றேன்.
பழையபேட்டை நவாஸ் சிரிக்கவில்லை.
டீயை ஓரமாக வைத்தான்.
"பன்னெண்டுக்குப் பொறந்த மோட்டாருக்கா அது.
அதே இழுவைய ஆறுல கேட்டா
இருநூறு ஆம்பியர் நானூறாயிரும்.
கட்டைவிரல் தண்டிக்கு ஒயர் போட்டாலும் கொதிக்கும்.
கேஆர்பி டேமை
வீட்டுக் குழாய்ல தொறந்துவுடுங்கற கதை."

வழியும் அவனேதான் சொன்னான்.
பின் இருக்கைக்கு அடியில்
பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று,
தனிக்குடித்தனம்.
சிவப்பும் கறுப்பும்
வண்டியின் உடம்பில் எங்கும் படாமல்
நேரே வின்ச்சுக்குப் போய்த் திரும்பும்.
ஒரே வீட்டில் முகம்பார்த்துப் பேசாத
ஓரகத்திகள், ஆறும் பன்னிரண்டும்.
வண்டியின் டைனமோ அதற்குச் சோறு போடாது.
ராத்திரி சார்ஜரில் ஊட்டி
கூட்டிப் போக வேண்டும்.
"நாலு நிமிஷம் இழுக்கும். அஞ்சுன்னு வெச்சுக்க.
அப்புறம் அது வெறுங் கல்லு."
கல்லின் எடை எனக்குத் தெரியும்.
தலையாட்டினேன்.

ஐப்பசி.
அஞ்செட்டி தாண்டி ஒரு சரிவு,
கீழே காட்டாறு, மணல்,
மணலில் அச்சு வரைக்கும் இறங்கிய தக்காளி பிக்கப்.
கூரைமேல் சம்மணமிட்டு
ராயக்கோட்டை மண்டியிடம் போனில்
விலை கேட்டுக்கொண்டிருந்தான் திம்மராயன்.
"பதினொன்னு" என்றான் என்னிடம்,
வணக்கம் சொல்வதுபோல.

இரும்புக் கயிறு பத்தடி குறைந்தது.
இறங்கினேன்.
அது புத்தி இல்லை, ஆனால் இறங்கினேன்.
ஒரு நிமிஷம். வின்ச் முனகியது.
இரண்டு. கூடைகள் ஆடின.
மூன்றாவதில் அவன் சக்கரம் கூழாங்கல்லைத் தொட்டு,
என்னை உரசிக்கொண்டு கரையேறியது வண்டி.
என் ஜீப், இழுத்த இழுப்பில்,
பம்பர் வரை மண்ணுக்குள்.

எதிரே பாறையிடுக்கில் ஒரு நீர்மருது.
அதில் கயிற்றைச் சுற்றிவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
மறுபடி, டிக்.
எங்கோ மேலே மழை;
தண்ணீரின் நிறம் மாறியிருந்தது.

கட்டி இழுத்துப் பார்த்தான் திம்மராயன்.
அவன் டயர்கள்
மொட்டையடித்து சந்தனம் பூசிய தலை.
வழுக்கிக்கொண்டே இருந்தன.
கயிற்றை அவிழ்த்தவன்
என் பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தான்.
"இது எத்தினி வோல்ட்டு?"
பன்னெண்டு.
"அடப் போக்கா. என்துந்தான்."

வண்டியைத் திருப்பி
மூக்கை என் முதுகோடு கொண்டுவந்து வைத்தான்.
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
பல்லிளித்த இரண்டு கிளிப்புகள்.
எஞ்சினை உறுமவிட்டான்.
அரையடி. ஓரடி.
வின்ச்சின் மேல்மூடி
தோசைக்கல்லாய்ச் சுட்டபோது
கத்தினான்: "நிறுத்து, ஆறட்டும்."

நிறுத்தினோம்.
மோட்டார் ஆறும்வரை
ஆறு ஏறிக்கொண்டிருந்தது.
ஆளுக்கொரு தக்காளி கடித்தோம், உப்பில்லாமல்.
போன் அடித்தது. கேட்டுவிட்டு
"ஒம்போது" என்றான்.
என்னைப் பார்க்கவில்லை.

நாற்பது கூடை, கூடைக்குப் பதினைந்து கிலோ,
கிலோவுக்கு இரண்டு ரூபாய்.
பெருக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.
நீட்டினேன். வாங்கவில்லை.
"மொதல்ல யாரு யாரை இழுத்தது?"

மறு சரிவில் சக்கரம் நின்றதும்
கிளிப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.
அந்த வெள்ளை விளக்குகள் வளைவில் மறைய,
என் மஞ்சளில்
இரண்டடி மட்டும் தெரிந்தது உலகம்.
ஸ்டார்ட்டரை மிதித்தேன்.
ஆறு வோல்ட்டுக்கு எதிலும் அவசரமில்லை.
ஒரு சுற்று.
யோசனை.
இன்னொரு சுற்று.
பிடித்தது.